ஞானஸ்நானப் பதிவேடும் குலப்பெருமைக் கூத்தும்

குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் நம்மிடையே பெருகி வருகின்றது. ஆயின் எழுதப்படுவன வரலாறுகள்தாமா? முதலியார் ஒருவரையோ உடையார் ஒருவரையோ மூலபுருடராக நிறுத்தி, அவர்தம் காணி பூமிகளை எண்ணிக்காட்டி மகிழும் குலப்புகழ்ச்சிகளே அவற்றுட் பல. இவற்றின் ஆதாரங்கள் காணித் தோம்பும் உறுதியுமாம். காணி உடையவனையே அவ்வேடுகள் அறியும். காணியற்றவன் அவற்றிலே பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை.

அவனைத் தேடுவோர் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டுதல் வேண்டும். மண உறவுத் தடைகளை அறிதற்பொருட்டு ஞானப்பெற்றோரின் பெயர்களைப் பதியுமாறு 1563இல் திரெந்துச் சங்கம் விதித்தது. திருச்சபையின் நோக்கம் அதுவேயாயினும், விளைவு அதனினும் பெரிது. மீன்பிடித்து வாழ்ந்தவனின் பிள்ளையும், தந்தை பெயர் கூறப்படாத பிள்ளையும் அவ்வேட்டில் இடம்பெறலாயினர். உறுதி எழுத வழியற்றோர்க்கு எழுத்திற் கிடைத்த சாட்சி பலவேளைகளில் அது ஒன்றே.

“அந்நியன் எழுதிய ஏடு, சைவக் குடும்பங்களுக்கு அதனால் ஆவதென்ன?” என வினவுவாருமுளர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அரச பதவிக்கும் திருமணப் பதிவுக்கும் தம் சபையின் ஞானஸ்நானத்தை நிபந்தனையாக்கினர். ஆகவே இன்று நீறணியும் குடும்பங்களின் முன்னோரும் அவ்வேடுகளிற் காணப்படுதல் இயல்பே. இதனை மறைப்பவர் முன்னோரின் மானத்தைக் காக்கவில்லை. அவர்மேற் சுமத்தப்பட்ட நிர்ப்பந்தத்தையே மறைக்கின்றனர்.

மறுபுறம், பதிவேட்டை வேதவாக்காகக் கொள்வதும் தவறே. ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதியன்று. ஒல்லாந்தர் காலத்துப் பதிவு விசுவாசத்தின் சான்றுமன்று. பெயர்களோ எழுதியவனின் செவிக்கும் மொழிக்கும் ஏற்பத் திரிந்தவை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற மாணவர்க்கு மேனாட்டார் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்பன அவ்வழக்கத்தின் எச்சங்கள். ஒரே பங்கிற் பல சந்தியாகுக்களும் மரியாள்களும் இருப்பர். ஊர், பெற்றோர், ஞானப்பெற்றோர் ஆகியவற்றை ஒப்புநோக்காது பெயரொன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டனைக் கண்டோமெனக் கூத்தாடுதல் ஆய்வாகாது.

இவை யாவற்றினும் கொடியது, வேண்டியதை மட்டும் எடுத்து வேண்டாததைக் கைவிடும் வழக்கம். பட்டம் பெற்ற பாட்டனின் பதிவைப் படியெடுப்பவர், அதே பக்கத்தில் தந்தை பெயரின்றி நிற்கும் பிள்ளையைக் காணாதவர்போற் கடந்து செல்கின்றனர். அப்பிள்ளையும் அவர்தம் குடும்பத்தவனேயெனின், அவனை விலக்கி எழுதப்படுவது வரலாறாகுமா?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாகக் கண்ட சமூகம் நாம். ஒற்றைப் பிரதியை நம்பியிருத்தலின் விலையை நமக்கு வேறெவரும் கற்பிக்கவேண்டியதில்லை. திருச்சபைகளின் இசைவோடும், வாழ்வோரின் அந்தரங்கத்திற்குக் காப்போடும், பழைய பதிவேடுகளை முழுமையாகப் படியெடுக்கும் பணியைப் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளல் வேண்டும். முழுமையாக என்பதே ஈண்டு முக்கியம். நமக்குப் பெருமை தரும் வரிகளை மட்டுமல்ல, நம்மை நாணச்செய்யும் வரிகளையும் காக்கும் துணிவு நமக்கு உண்டா? அத்துணிவு இல்லையேல், குடும்ப வரலாறு என்ற பெயரையேனும் விட்டுவிடுவோம்.