ஆற்றுக்கு இட்ட உரம்

தழைச்சத்து, மணிச்சத்து என்னும் சொற்களை உழவர் குடியிற் பிறந்த நம் வாசகர் நன்கறிவர். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாழும் நமக்கு அவை அயலாகத் தோன்றலாம். ஆயினும் இச்சத்துக்கள் வந்து குவியும் இடம் நமக்கு அருகிலேயே உள்ளது. அதுவே அடையாறு. திரு.வி.க. பாலத்தைக் கடக்குங்கால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாம், ஆற்றில் அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று மட்டும் எண்ணுகிறோம். அளவுக்கு மிஞ்சி ஊட்டப்பட்டதனால் அந்த ஆறு நோயுற்றிருக்கிறது என்பதை எண்ணுவோர் சிலரே.

மண்ணில் எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தருவது படைப்பில் இறைவன் அமைத்த ஒழுங்கு. நம் முன்னோர் கோடையில் ஏரி வண்டலை வண்டிகளில் ஏற்றி வயலுக்குக் கொண்டு சென்றனர்; சாணமும் இலைதழையும் அவ்வாறே நிலம் சேர்ந்தன. சாம்பல் புதனன்று நம் நெற்றியில் இடப்படும் சாம்பலும் இவ்வழியைத்தானே நினைவூட்டுகிறது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஹேபரும் கார்ல் போஷும் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு உரம் செய்யும் வழியைக் கண்டனர். கோடிக்கணக்கானோரின் பசி அதனால் தணிந்தது. அதனை நாம் குறைகூறோம். மணிச்சத்துக்கான பாறையோ மொராக்கோ, ஜோர்தான் முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வருகிறது. அது தஞ்சை வயலில் நெல்லாகி, சென்னையில் நம் இலையில் சோறாகி, மறுநாள் கழிவுநீராகிறது. வயலுக்குத் திரும்ப அதற்கு வழியில்லை. சில சலவைத்தூள்களில் உள்ள பாஸ்பேட்டும் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

மணிச்சத்து என்ன செய்யும் என்பதைக் கனடா நாட்டில் டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1973-இல் கண்கூடாகக் காட்டினர். 226 என்று எண்ணிடப்பட்ட ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். இரு பாதிகளிலும் சர்க்கரையையும் தழைச்சத்தையும் இட்டு, ஒன்றில் மட்டும் மணிச்சத்தையும் கூட்டினர். சில மாதங்களுக்குள் அப்பாதி பச்சைக் குழம்பாயிற்று. மற்றது தெளிந்தே கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்த நிழற்படம் ஆயிரம் சொற்பொழிவுகளின் வேலையைச் செய்தது எனலாம்.

நீரில் சத்து மிகுந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகும். கரையில் நின்று பார்ப்பவருக்கு அது செழிப்பாகவே தெரியும். ஊதாப் பூக்களைப் படம்பிடித்து மகிழ்வோரும் உளர்! அவை மடிந்து அழுகும்போது நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. இரவில் பாசியும் அதையே சுவாசிக்கிறது. ஆகவே விடியற்காலையில் மீன்கள் மூச்சுமுட்டி இறக்கின்றன. அடையாற்று முகத்துவாரத்தில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்த செய்தியை நாளிதழ்களில் பன்முறை படித்திருக்கிறோம். மணல்திட்டு கடல்வாயை அடைத்து ஓதநீரைத் தடுக்கும் காலங்களில் நிலைமை இன்னும் கொடிதாகும். சீனிவாசபுரத்திலும் ஊரூர் குப்பத்திலும் வாழும் மீனவருக்கு அம்முகத்துவாரம் இறாலும் மடவையும் தந்த இடம். கடல் கொந்தளிக்கும் நாள்களில் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது அந்த நீரை நம்பித்தான். ஆற்றுக்கு நாம் இட்ட உரத்தின் விலையை அவர்கள் செலுத்துகின்றனர்.

மாம்பலத்தின் நீண்ட ஏரியை 1920-களில் வற்றச்செய்தே தியாகராய நகரை எழுப்பினர். மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலை பெயரளவில் அவ்வேரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்று மாம்பலம் கால்வாய் மழைநீரோடு கழிவுநீரையும் சுமந்து நந்தனத்தருகே அடையாற்றில் கலக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம் ஆற்றின் சேற்றைக் கடலுக்கு அடித்துச் சென்றது. ஆறு மீண்டும் கறுக்க நெடுநாள் ஆகவில்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லாமலில்லை. ஆயினும் வழக்கமான முறையில் நடப்பவை அழுக்கை நீக்கினும் கரைந்துள்ள மணிச்சத்தில் பெரும்பகுதியை விட்டுவிடுகின்றன. தெருவோர மழைநீர் வடிகாலில் விழும் கழிவுநீரோ அங்கும் செல்வதில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், ஆறுகளிலும் ஏரிகளிலும் சலவைப் பொருள்கள் கலப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார். உரோமையிலிருந்து எழுதியவர் நம் துணி துவைக்கும் கல்லையும் நினைத்தார் போலும்!

நம் இல்லங்களில் சமையலறை நீரும் குளியலறை நீரும் எதில் சேர்கின்றன என்பதை வீடு கட்டியவரைக் கேட்டறியுங்கள். வாடகைக்கு இருப்போர் உரிமையாளரைக் கேட்கலாம். கேட்க இயலாதவர், மழை பெய்து பல நாள் ஆன ஒரு காலை வேளையில், தெருவிலுள்ள மழைநீர் வடிகாலின் மூடியருகே சற்றே நின்று செவிகொடுங்கள். உள்ளே நீரோடும் ஓசை கேட்குமாயின் அது பெரும்பாலும் நம் வீட்டு நீரே.