கேட்பவன் கேட்க வேண்டும்

சென்ற மாதம் இருபது நாட்கள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அடுத்த வீட்டு இன்சுலின் இருந்தது. இந்தக் கட்டுரை அதிலிருந்து பிறந்தது.

நான் குடியிருப்பது ஓசூரில். அடுத்த வீட்டு அண்ணா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையில் கன்னடம் பேசுவார். எல்லைப்புறத்து மனிதர்களான எங்களுக்கு அது சாமர்த்தியமல்ல, பழக்கம். இயந்திரத்தின் பாஷையையும் சேர்த்தால் அவருக்கு நான்கு பாஷை. ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் போய் நின்று, அதற்கு எங்கே நோவு என்று காதாலேயே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவர் வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு நாள் நின்றுபோயிற்று. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தார். புகார் எண் வந்தது, ஆள் வரவில்லை. அவர் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் புட்டிகளை ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். தினம் இரண்டு வேளை அந்த அம்மாள் எங்கள் வாசலில் வந்து தயங்கி நிற்பதும், "தொந்தரவு குடுக்கறோம்" என்பதும், "இதிலே என்ன அக்கா தொந்தரவு?" என்று என் மனைவி சொல்வதுமாக நாட்கள் போயின.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து அவருக்கு ஓர் ஈ-மெயில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: 'உங்கள் அபிப்பிராயம் எங்களுக்கு மிக முக்கியம். எங்கள் ஃபிரிட்ஜில் உங்களுக்கு அதிகம் பிடித்தது எது?' அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'அழகு', மற்றதில் 'அமைதி'.

அண்ணா கொஞ்ச நேரம் யோசித்தார். "அமைதியாத்தான் சார் இருக்கு" என்று சொல்லி, இரண்டாவதை அழுத்தினார். உடனே 'நன்றி' என்று ஒரு பக்கம் வந்தது.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. 'அபிப்பிராயம் முக்கியம்' என்ற வார்த்தையை அவர் நம்பிவிட்டார். அன்றிரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, போனில் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, அந்த மெயிலுக்கே ஒரு பதில் எழுதினார்: கம்பிரஸர் கிளம்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது, சில நிமிஷம் கழித்து மறுபடியும் 'டக்', ஆகவே கம்பிரஸர் போகவில்லை, அதைக் கிளப்பிவிடும் ரிலேதான் போயிருக்க வேண்டும், ஒரு ரிலே கொடுத்தனுப்பினால் போதும். முப்பது வருஷ அனுபவம் இலவசமாக எழுதிய கடிதம் அது. அனுப்பிய வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டது. அந்த விலாசம் பதில்களைப் பெற்றுக்கொள்ளாதாம்!

ஒரு வாரத்தில் இன்னொரு மெயில் வந்தது. 'அமைதியை விரும்பும் உங்களுக்காக, சத்தமே போடாத எங்கள் புதிய வாஷிங் மெஷின், சலுகை விலையில்!'

இது ஒரு ஹாஸ்ய சம்பவம் என்று நினைத்து நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடாது. நடந்திருப்பது ஒரு மோசடி. பணத்தைத் திருடினால் போலீசில் சொல்லலாம். ஒரு மனிதனிடம் 'உன் அபிப்பிராயம் என்ன?' என்று கேட்டு, அவன் மனத்தைத் திறக்கச் செய்துவிட்டு, காதைப் பொத்திக்கொள்கிறவனை யாரிடம் போய்ச் சொல்வது?

என் அக்காள் மகனுக்கு இதே தொழில். தினம் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ்ஸில் போய், பல கம்பெனிகளுக்காக விளம்பர மெயில்கள் தயாரித்து அனுப்புகிற ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"ரெண்டு பொத்தானும் ரெண்டு தனி லிங்க் மாமா. ஒவ்வொருத்தருக்கும் போற லிங்க்கிலே அவங்களுக்குன்னு ஒரு அடையாளக் குறி இருக்கும். தொட்டா, யார் தொட்டாங்க, எதைத் தொட்டாங்க, எத்தனை மணிக்குன்னு எல்லாம் பதிஞ்சிடும். அப்புறம் அவங்க பேர் பக்கத்திலே ஒரு சீட்டு ஒட்டிடுவோம். 'அமைதி'ன்னா ஒரு கூட்டம், 'அழகு'ன்னா இன்னொரு கூட்டம்."

"அப்போ இது ஓட்டு இல்லையா?"

"ஓட்டு மாதிரி இருக்கும் மாமா."

ஏன் இந்த மாதிரி என்று அவன் மேலும் விளக்கினான். முன்பெல்லாம் மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னப் படம் ஒன்றைச் செருகிவைப்பார்களாம். படம் இறங்கினால் ஆசாமி மெயிலைத் திறந்தான் என்று கணக்கு. 2021ல் ஆப்பிள் கம்பெனி, அந்தப் படங்களைத் தன் யந்திரமே முன்கூட்டி இறக்கிவைத்துவிடும்படி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. திறந்தவன் யார், திறக்காதவன் யார் என்ற கணக்கு குழம்பிப்போயிற்று. ஆகவே மனிதனை எப்படியாவது எதையாவது தொட வைக்க வேண்டும். வேறு பக்கத்துக்குப் போகாமல் மெயிலுக்குள்ளேயே பொத்தானை அழுத்தும் வசதியை 2019லேயே கூகிள் தன் ஜிமெயிலில் கொண்டுவந்துவிட்டது. இன்னொரு வேடிக்கையையும் சொன்னான். பெரிய ஆபீசுகளில் விஷ லிங்க்குகளைக் கண்டுபிடிப்பதற்காகக் காவல் மென்பொருள்கள் உண்டு. அவை, வருகிற மெயிலிலுள்ள லிங்க்குகளையெல்லாம் மனிதனுக்கு முன்னால் தாமே தொட்டுப் பார்க்குமாம். அழகுக்கும் ஓட்டு, அமைதிக்கும் ஓட்டு!

"மூணாவது ஒண்ணு வெச்சா என்னடா? 'ஃபிரிட்ஜ் ஓடவில்லை' என்று ஒரு பொத்தான்?"

அவன் ஒளிக்காமல் சொன்னான்: "மூணு வெச்சா யோசிப்பாங்க மாமா. யோசிச்சா தொடமாட்டாங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவனை நான் மன்னித்துவிட்டேன். அந்தத் தொழிலை மன்னிக்கவில்லை.

'இரண்டு பொத்தானுக்கு இவ்வளவு கோபமா? சும்மா ஒரு விளையாட்டுத்தானே' என்பீர்கள். இரண்டில் ஒன்று என்று கேட்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 'உங்கள் குறை தீர்ந்ததா, இல்லையா?' என்று கேட்டு, 'இல்லை' என்றவன் வீட்டுக்கு மறுநாள் ஆளை அனுப்புகிற கம்பெனி இருந்தால், அதற்கு என் வந்தனம். கேள்வி சின்னதாக இருப்பதல்ல விஷயம். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு காது இருக்கிறதா என்பதே விஷயம்.

எங்கள் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம். 1878ல் ராஜாஜி பிறந்த ஊர். தேசம் பிரிவதா, ஒன்றாக இருப்பதா என்ற மகா பயங்கரமான இரண்டிலொரு கேள்விக்கு 1944ல் அவர் ஒரு திட்டம் தந்தார். அந்தத் திட்டம் சரியா, தப்பா என்ற வழக்கு இங்கே வேண்டாம். அவர் விதித்த நிபந்தனைகளை மட்டும் பாருங்கள். ஜனங்களின் ஓட்டெடுப்புக்கு முன் எல்லாக் கட்சிகளும் தங்கள் வாதத்தை எடுத்துச் சொல்ல இடம் தர வேண்டும். பெரும்பான்மை பிரிவினையைத் தேர்ந்தால் அதை நிறைவேற்றியாக வேண்டும். எல்லையிலுள்ள ஜில்லாக்களுக்கு, எந்தப் பக்கம் சேர்வது என்று தாமே முடிவு செய்யும் உரிமை வேண்டும். எல்லைப்புறத்தில் பிறந்தவருக்கு, 'ஆம்-இல்லை' என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்காத மனிதர்கள் உண்டு என்பது தெரிந்திருந்தது.

அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. நிறைவேறிய ஒன்றைச் சொல்கிறேன். 1967 ஜனவரி 16 அன்று கோவாவில் ஓர் ஓட்டெடுப்பு நடந்தது. மகாராஷ்டிரத்துடன் சேர்வதா, மத்திய ஆட்சிப் பகுதியாகவே தனித்திருப்பதா? சேர்வதற்குப் பூச் சின்னம். தனித்திருப்பதற்கு இரட்டை இலை. (நம்மூர் ஞாபகம் வேண்டாம், நம் கட்சி பிறந்தது 1972ல்.) சேர்க்க வேண்டும் என்று விரும்பிய முதலமைச்சர் பந்தோத்கர், ஓட்டெடுப்புக்கு முன்பே பதவியை விட்டு இறங்கினார். கேட்கிறவனுடைய கை தராசில் படக்கூடாது அல்லவா? தனித்திருப்பதே 34,021 ஓட்டு வித்தியாசத்தில் வென்றது. கோவா தனித்தே இருந்தது. 1987ல் தனி மாநிலமும் ஆயிற்று. அங்கேயும் இரண்டே சின்னங்கள்தாம். ஆனால் ஓட்டு ரகசியம், எண்ணிக்கை பகிரங்கம், தீர்ப்பு அமல்.

ஃபிரிட்ஜ் கம்பெனியின் ஓட்டு அப்படியே தலைகீழ். யார் போட்டது என்பது பகிரங்கம், எண்ணிக்கை ரகசியம், அமலாவது வாஷிங் மெஷின்!

இரண்டு பேரையும் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட்டே 2013 செப்டம்பர் 27ல் பதில் சொல்லியிருக்கிறது. 'மேற்கண்ட எவருமில்லை' என்ற 'நோட்டா' பொத்தான் அன்றைய தீர்ப்பினால் வந்தது. அதை அழுத்துவதால் யாரும் தோற்றுவிடுவதில்லை என்பது வாஸ்தவம். ஆனாலும் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றவனையும் எண்ணி, அந்த எண்ணிக்கையை அச்சிடுகிறார்கள். சர்க்காரை ஆளப்போகிறவர்களுக்கே அந்தப் பொத்தான் உண்டு. ஒரு ஃபிரிட்ஜுக்குக் கிடையாதா?

விளையாட்டு என்கிறவர்கள் 2015 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும். சில இணையத் தளங்களை மட்டும் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தரலாமா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் பொதுஜனங்களிடம் குறிப்பிட்ட சில கேள்விகளைக் கேட்டது. ஃபேஸ்புக் கம்பெனி தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தைக் காப்பாற்ற, முன்கூட்டியே எழுதிய ஒரு கடிதத்தைத் தன் வாடிக்கையாளர்கள் கண்ணெதிரே நீட்டியது. ஒரு பொத்தானை அழுத்தினால் உங்கள் பெயரில் கடிதம் டிராய்க்குப் போய்விடும். லட்சக்கணக்கில் போயின. ஆணையமோ, 'நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இதில் பதில் இல்லையே' என்றது. 2016 பிப்ரவரி 8ல் அப்படிப்பட்ட பாரபட்சக் கட்டணங்களைத் தடை செய்தது. பொத்தானை அழுத்திப் பழகிய விரல், தான் எழுதாத கடிதத்திலும் கையெழுத்துப் போடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சட்டம் தூங்கிவிடவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ல், இணைய வியாபாரத்தின் ஏமாற்று உத்திகளில் 13 வகையை வரிசைப்படுத்தித் தடுத்தது. விமான டிக்கெட்டோடு இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்பவனை, 'நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்று சொல்ல வைத்து வெட்கப்படுத்துவதும் அதில் ஒன்று. குழப்பும் வார்த்தைகளால் கேட்கும் தந்திரக் கேள்வியும் ஒன்று. ஆனால் 'அழகா, அமைதியா?' என்பதில் என்ன குழப்பம்? வார்த்தை தெளிவாகத்தான் இருக்கிறது. உண்மைக்குத்தான் அதில் இடமில்லை. அந்த 13ல் இதற்கென்று ஒரு பெயரை நான் காணவில்லை. சட்டம் பெயர் வைக்கும்வரை காத்திராமல், நாமே இதைப் பொய் என்று அழைக்கலாம்.

நான் கேட்பது மூன்றுதான். எந்தக் கேள்வியானாலும் 'இரண்டுமில்லை' என்று ஓர் இடம் விடுங்கள். அதில் நாலு வரி எழுத இடமிருக்கட்டும். பதில் போட்டால் திரும்பி வராத, ஒரு மனிதன் உட்கார்ந்து படிக்கிற விலாசத்திலிருந்து கேளுங்கள். கேட்டதற்கு என்ன விடை வந்தது, அதனால் என்ன செய்தீர்கள் என்பதைக் கேட்கப்பட்டவனுக்குச் சொல்லுங்கள். இவ்வளவும் முடியாதென்றால், 'வாஷிங் மெஷின் விற்கிறோம், வாங்குங்கள்' என்று நேராகக் கூவுங்கள். சந்தையில் கூவி விற்பவனை நான் மதிக்கிறேன். அவன் என் அபிப்பிராயம் முக்கியம் என்று சொல்வதில்லை.

தமிழில் ஒரு விசேஷம் உண்டு. வினவுவதற்கும் செவிசாய்ப்பதற்கும் நமக்கு ஒரே சொல். இரண்டும் 'கேட்டல்'தான். திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அது வினாவைப் பற்றியதல்ல, காது கொடுப்பதைப் பற்றியது. இரண்டையும் பிரிக்க முடியும் என்று நம் பாஷை நினைத்ததேயில்லை. பிரித்துக் காட்டிவிட்டார்கள், இந்தப் பொத்தான்காரர்கள்.

அந்த ஃபிரிட்ஜ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெளியாள் கைவைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று தெரிந்தும், இருபதாம் நாள் அண்ணா பாகலூர் ரோட்டிலிருந்து ஒரு மெக்கானிக் பையனை அழைத்து வந்தார். அவன் வந்ததும், "என்ன ஆச்சு அண்ணா?" என்றான். பொத்தான் எதுவுமில்லை. அண்ணா சத்தத்தைச் சொன்னார், ரிலேயைச் சொன்னார். பையன் குறுக்கே பேசவில்லை. பிறகு தரையில் மண்டியிட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத்தில் காதை வைத்தான். 'டக்.'

"நீங்க சொன்னதேதான் அண்ணா, ரிலே."

சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. அன்று சாயங்காலம் அந்த அம்மாள் வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு போனாள். இந்த முறை வாசலில் தயங்கி நிற்கவில்லை.