விரிசலுக்கு எத்தனை மார்க்?

சித்திரை, வைகாசியில மானாவாரி விவசாயிக்குப் பெரிய வேலை கிடையாது. கோடை மழை பெய்ஞ்சா ஒரு உழவு ஓட்டிப் போடுவோம். பெய்யலைன்னா வேப்ப மரத்தடியும் டீக்கடையும்தான். கோவில்பட்டிக்குக் கிழக்க இருக்கிற எங்க ஊர்ல இந்த வருசக் கோடையும் அப்படித்தான் கழிஞ்சது. ஒரே வித்தியாசம், ராத்திரி எட்டு மணிக்கு மேல வீட்டுல அஞ்சு பேரும் ஒண்ணா உட்கார்ந்து, ஆஸ்திரேலியாவுல யாரோ நாலு ஜோடி வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறதைப் பார்த்துக்கிட்டிருந்தோம்.

மகளுக்குச் சென்னையில கம்பெனி வேலை. ரெண்டு வாரம் வீட்டுல இருந்தே வேலை பார்க்கலாம்னு லேப்டாப்போட வந்தா. அவதான் டி.வி.யில 'தி பிளாக்'னு ஒரு போட்டியைப் போட்டுவிட்டா. 2003-ல ஆஸ்திரேலியாவோட நைன் தொலைக்காட்சியில ஆரம்பிச்சது. நாங்க பார்த்தது 2011-ல மெல்போர்ன் ரிச்மண்ட் பகுதியில நடந்த போட்டி. பக்கத்துப் பக்கத்துல நாலு பழைய வீடு. நாலு ஜோடிக்கும் ஆளுக்கு ஒண்ணு. ஒவ்வொரு அறையா இடிச்சுப் பூசி அலங்காரம் பண்ணணும். நடுவர்கள் வந்து மார்க் போடுவாங்க. கடைசியில வீட்டை ஏலம் விடுவாங்க. ஏலத்துக்கு ஒரு அடிமட்ட விலை உண்டு. அதுக்கு மேல எவ்வளவு போகுதோ, அந்தப் பணம் அந்த ஜோடிக்கு. யாருக்கு அதிகமா கிடைக்குதோ அவங்கதான் ஜெயிச்சவங்க, அவங்களுக்குப் பரிசுத் தொகையும் தனியா உண்டு.

இதைப் பத்தி வாட்ஸ்அப்ல ரெண்டு நண்பர்கள்கிட்டச் சொன்னேன். ஒருத்தர், "உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பணக்காரக் கூத்து"ன்னார். இன்னொருத்தர், "உங்க ஓட்டு வீடு, திண்ணை அழகு எதுக்காவது வருமா, அதை அப்படியே வச்சிருங்க"ன்னார். ரெண்டு பேரும் நல்லவங்க, நகரத்துல இருக்கிறவங்க. ரெண்டு பேரும் சொன்னது தப்புன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

மொதல்ல சந்தோசத்தைச் சொல்லிருறேன். எங்க அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. பிளஸ் டூ முடிச்ச மகன் பக்கத்துல உட்கார்ந்து மொழிபெயர்ப்பான். பாதி அவனாச் சேர்த்துச் சொல்றதுதான். அம்மா நடுவருக்கு முன்னாடியே மார்க் போட்டுருவாங்க. படுக்கையறையில எட்டுத் தலையணை அடுக்கியிருந்தா, "இம்புட்டையும் எடுத்துக் கீழ வச்சிட்டுத்தான படுக்கணும்? ரெண்டு மார்க்கு." எந்த வீட்டைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு: "உளுந்து மூடைய எங்க வைப்பாக?" மகள் சிரிப்பா. "ஆச்சி, அவங்க உளுந்தே போட மாட்டாங்க." "போடாட்டா போறாக. விருந்தாளி நாலு பேரு வந்தா பாயி விரிக்க இடம் வேணும்லா?"

எனக்குப் பிடிச்சது ஏலக் காட்சி. அந்த வருசம் நாலு வீட்டுல ஒரே ஒரு வீடுதான் அடிமட்ட விலையைத் தாண்டுச்சு. அதுவும் பதினஞ்சாயிரம் டாலர்தான் கூட. மத்த மூணு வீடும் அன்னிக்கு ஏலத்துல போகல. அந்த ஜோடிகள் முகத்தைப் பார்த்ததும் எங்க வீட்டுல சத்தமே இல்ல. இத்தனை நாள் தூக்கமில்லாம உழைச்சுட்டு, விலை சொல்ல ஆள் இல்லாம நிக்கிறது எப்படி இருக்கும்னு எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்ல. மகன்தான் சொன்னான், "அவங்களுக்கு விலை வரலைன்னா வீட்டை நிறுத்தி வச்சு அப்புறமா விக்கலாம்பா. நம்ம உளுந்தை அப்படி நிறுத்த முடியுமா?" 2024-25-ல உளுந்துக்கு அரசு சொன்ன ஆதார விலை குவிண்டாலுக்கு 7,400 ரூபாய். ஆனா அறுப்புக் கூலிக்கும் நகைக்கடன் வட்டிக்கும் அவசரமாப் பணம் தேவைப்படுறவன், வியாபாரி சொல்ற விலைக்குத்தான் மூடையைத் தூக்கி விடுவான். பெயின்ட் அடிக்கிற போட்டியைப் பார்த்து என் மகன் இதைப் பேசுனான். இது பணக்காரக் கூத்துன்னு எப்படிச் சொல்றது?

ரெண்டாவது வாரம்தான் பிரச்சினை ஆரம்பிச்சது. ஆவணியில மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. எங்க முன்னறையில வடக்குச் சுவர்ல ஜன்னல் மூலையில இருந்து மேல வரைக்கும் கோணலா ஒரு விரிசல் இருக்கு. கரிசல்ல வீடு கட்டுனவங்களுக்கு இது புதுசு இல்ல. கரிசல் மண்ணு மழையில தண்ணி குடிச்சு உப்பும், கோடையில காஞ்சு சுருங்கிக் கை நுழையற அளவுக்கு வெடிக்கும். அது மேல உட்கார்ந்திருக்கிற வீடும் கூடவே ஏறி இறங்கும். பெரியவங்க கரிசலைத் தோண்டி எடுத்துட்டு, சரளும் மணலும் கொட்டி அஸ்திவாரம் போட்டாங்க. இந்த மண்ணுக்குன்னே அடியில குமிழ் மாதிரி அகலமா இருக்கிற தூண் அஸ்திவாரத்தை ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்திருக்கு. 2004-ல நாங்க கட்டும்போது அதுக்கெல்லாம் கையில காசு இல்ல.

மகள் சொன்னா, "யப்பா, சுவர் முழுக்க பி.வி.சி. பேனல் அடிச்சுருவோம். விரிசலே தெரியாது. அறுபதாயிரம் ஆகும், நான் தாரேன்."

எனக்குச் சுருக்குன்னு வந்தது. மகள் காசுல வீட்டை மினுக்கி மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டணுமான்னு ஒரு கோபம். விரிசலை மூடிட்டா அது வளருதா நிக்குதான்னு எப்படித் தெரியும்ங்கிற பயம் இன்னொரு பக்கம். பேனலுக்குப் பின்னால கரையான் ஏறுனாலும் தெரியாது. கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன். அன்னிக்கு ராத்திரி டி.வி. போடல.

மறுநாள் சமாதானத்துக்கு மகளே இன்னொண்ணு எடுத்துக் காட்டுனா. பி.பி.சி.யில 1996-ல இருந்து 2004 வரைக்கும் வந்த 'சேஞ்சிங் ரூம்ஸ்'. அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க சாவியை மாத்திக்குவாங்க. ரெண்டு நாள்ல, சின்ன பட்ஜெட்ல, இவங்க வீட்டு அறையை அவங்க மாத்தணும், அவங்க வீட்டை இவங்க. வீட்டுக்காரங்க கடைசியிலதான் வந்து பார்ப்பாங்க. ஒருத்தங்க ஆசையாச் சேர்த்து வச்ச பழங்காலத்து டீ கெட்டில்களை, வடிவமைப்பாளர் அந்தரத்துல தொங்குற அலமாரியில அடுக்கி வச்சார். ராத்திரியோட ராத்திரியா அலமாரி அறுந்து விழுந்து எல்லாம் நொறுங்கிப்போச்சு. இங்கிலாந்துல அது இன்னைக்கும் பேசப்படுற சம்பவமாம்.

மகன் சிரிச்சான். அம்மா சிரிக்கல. "வைக்கதுக்கு முன்னாடி அந்தப் பொம்பளகிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா?" அவ்வளவுதான் கேட்டாங்க.

அப்பதான் என் வீட்டுக்காரி வாயைத் திறந்தா. "என்கிட்ட மட்டும் கேட்டாகளாக்கும்?"

யாருக்கும் புரியல. அவ எழுந்திரிச்சு சமையக்கட்டு விளக்கைப் போட்டா. அடுப்பு மேடைக்குக் கீழ ஒரு மரப்பலகை கிடக்கும். இருபத்தோரு வருசமா கிடக்கு. தரை ஈரத்துக்கு மிதிக்கப் போட்டிருக்கான்னு நான் நினைச்சிருந்தேன். அவ பலகையில ஏறி நின்னா, இறங்கி நின்னா. இறங்குனா மேடை அவ நெஞ்சுக்குக் கீழ வருது. கொத்தனாரும் எங்க அப்பாவும் நானும் நின்னு அளவு சொன்ன மேடை அது. நாங்க மூணு பேரும் நல்ல உயரம். மூணு பேர்ல ஒருத்தரும் அதுல ஒருநாள்கூட சமைச்சதில்ல.

"இதுக்கு ஜன்னலும் கிடையாது. புகை போகாம கண்ணு எரியுது. பொண்ணு பார்க்க வாரவுக முன்னறையில அரைமணி நேரம் இருப்பாக. நான் இங்கதான் இருக்கேன்."

மூணாவது நாள் கொத்தனாரைக் கூப்பிட்டோம். மகள் காசை வாங்க மாட்டேன்னு மறுபடி ஆரம்பிச்சேன். "அம்மாவுக்குச் செய்றேன், உங்களுக்கு இல்ல"ன்னுட்டா. பாதி அவ, பாதி நான். கடப்பா கல்லை எடுத்து மேடையை ஆறு இஞ்சு இறக்கி, கிழக்குச் சுவர்ல ஒரு ஜன்னல் வச்சோம். எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம். டைல்ஸ் நிறத்துக்கு மட்டும் ரெண்டு நாள் சண்டை நடந்தது. வீட்டுக்காரி சொன்ன மஞ்சள்தான் ஜெயிச்சது. அம்மா பத்துக்கு எட்டு மார்க் போட்டாங்க. பலகைக்கு இப்ப தொழுவத்துல வேலை, தண்ணி வாளியை அது மேல வைக்கிறோம்.

இப்ப நண்பர்கள் ரெண்டு பேருக்கும். நாங்களும் டைல்ஸ், ஜன்னல், வெளிச்சமெல்லாம் ஆசைப்படுறவங்கதான். ஓட்டு வீடு போட்டோவுக்கு அழகா இருக்கும். குரங்கு ஓட்டைப் பிரிச்சுப் போட்ட மழைக்காலத்துல அதுக்குள்ள சட்டி பானை வச்சு ஒழுகலைப் பிடிச்சவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. அந்த நிகழ்ச்சிகள்ல ஒரு குறையும் இருக்கு. மார்க் போடுறவங்க அந்த வீட்டுல ஒருநாள் சோறாக்கிப் பார்த்ததில்ல. பத்து நிமிசத்துல கண்ணுக்குத் தெரியறதுக்குத்தான் மார்க். நாங்க கட்டுனப்ப செஞ்சதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா டி.வி.யில யாரோ ஒருத்தர் வீட்டைக் குறை சொல்லிப் பழகுனதுலதான், இருபத்தோரு வருசம் சொல்லாததை என் வீட்டுல ஒருத்தி சொன்னா. நான் கேட்டிருக்கணும். கேட்கல. டி.வி. கேட்க வச்சது.

முன்னறை விரிசல் அப்படியே இருக்கு. பேனல் அடிக்கல. எங்க கொத்தனார் சொன்னபடி விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு போட்டு, தேதி எழுதி வச்சிருக்கோம். புரட்டாசி விதைப்பு முடிஞ்சு ஐப்பசி அடைமழையில மண்ணு உப்புனதும், விரிசல் மூடுதா, கோட்டைத் தாண்டுதான்னு பார்க்கணும். தாண்டுனா அஸ்திவாரத்துலதான் கை வைக்கணும், அதுக்கு உளுந்து நல்ல விலைக்குப் போகணும்.

பொண்ணு பார்க்க வாரவங்க என்ன இதுன்னு கேட்டா, அம்மா பதில் தயாரா வச்சிருக்காங்க: "கரிசல் காடு வச்சிருக்கவன் வீடு. வெடிக்காம இருக்குமா?"