சிந்துபாத்துக்கு அப்புறம்

போன வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதி பூலாம்பாடி கடைவீதியில் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே 'இந்த வருடம் படிக்க வேண்டிய புத்தகங்கள்' என்று பச்சை மையில் தலைப்பு. ஒன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை நம்பர். வாரத்துக்கு ஒரு புத்தகம். நம்பர் போட்டு முடிக்கிற வரைக்கும் எந்தச் சிரமமும் இல்லை.

முதல் நம்பருக்கு எதிரே என்ன எழுதுவது? அங்கேதான் ஸார் வம்பு.

யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் தருகிறார்கள். க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்று தலைப்பு வைத்தே ஒரு புத்தகம் போட்டார். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தாலே எனக்குப் பரீட்சை ஹால் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும். எஸ்.ராமகிருஷ்ணன் தேர்ந்தெடுத்த நூறு சிறுகதைகள் இருக்கின்றன. ஜெயமோகன் தந்த நாவல் பட்டியல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தபோது என் எண்பது பக்க நோட்டு தீர்ந்துவிடும் போலிருந்தது.

ஆபீஸில் பக்கத்து ஸீட்டு நண்பர், "முன்னேற வழி சொல்ற புக்கா படிங்க பாஸ்" என்று தன்னிடமிருந்த ஏழெட்டு புத்தகங்களைத் தூக்கிக் கொடுத்தார். பதினைந்து வருஷமாக அதே ஸீட்டில் இருக்கிறார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

செல்போனிடம் கேட்கலாம் என்றால், அது இன்னும் மோசம். மாமனாருக்காகச் சின்ன வெங்காய சாகுபடி பற்றி ஒரு புத்தகம் ஆர்டர் பண்ணப் போக, அன்றிலிருந்து தினமும் காலையில் 'உங்களுக்காகவே' என்று திருகல் நோய் மருந்தும் சொட்டு நீர்க் குழாயும் காட்டுகிறது. என்னை அது வெங்காய வியாபாரி என்று முடிவு கட்டிவிட்டது.

பூலாம்பாடியிலிருந்து அரும்பாவூர், கிருஷ்ணாபுரம் வழியாகப் பெரம்பலூருக்கு தினம் பஸ்ஸில் போய் வருகிறவன் நான். ஜன்னல் ஓரம் கிடைத்தால் பச்சைமலை தெரியும். கிடைக்காத ஒரு நாள் கணக்குப் போட்டேன். எனக்கு வயது முப்பத்தெட்டு. வாரத்துக்கு ஒன்று என்பதெல்லாம் சும்மா. மாசத்துக்கு இரண்டு என்றால் வருஷத்துக்கு 24. எழுபது வயது வரை கண் நன்றாக இருந்தால், 768 புத்தகங்கள். அவ்வளவுதான். இரண்டு பீரோவில் அடங்கிவிடும். ஒன்றைக் கையில் எடுத்தால், இன்னொன்றை ஆயுசுக்கும் தொடப்போவதில்லை என்று அர்த்தம். இது தெரிந்த பிறகு எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும், விட்டுப்போன புத்தகம் தோள்மேல் உட்கார்ந்துகொண்டு காதைக் கடித்தது.

'கண் நன்றாக இருந்தால்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். பொங்கல் முடிந்த வாரத்தில் அப்பாவுக்குக் கண் போனது.

ஒரேயடியாக இல்லை. சர்க்கரை. விழித்திரையில் கசிவு என்று சொல்லி லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஓரத்தில் இருப்பது தெரியும், நடுவில் இருப்பது தெரியாது. "உன் மூஞ்சி தெரியல, காது ரெண்டும் நல்லா தெரியுது" என்றார். அவருக்கு எழுபத்திரண்டு. வாழ்க்கையில் அவர் படித்தது தினத்தந்தி மட்டும். அதிலும் கன்னித்தீவுதான் முதலில். 1960-லிருந்து ஓடுகிற கதை. "நான் சாவறதுக்குள்ள சிந்துபாத் வீடு போய்ச் சேருவானாடா?" என்பார்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தெனம் சாயங்காலம் வந்து தந்தியப் படிச்சிக் காட்டுறியா, தம்பி?"

நான் பெரிய படிப்பாளி இல்லையா? தந்தி வாசித்து முடித்ததும், "இருங்கப்பா, நல்ல புத்தகமா ஒண்ணு படிக்கிறேன்" என்று நோட்டிலிருந்த முதல் நம்பரை எடுத்தேன். மொழிபெயர்ப்பு நாவல். பேர் வேண்டாம். கதாநாயகன் முதல் இருபது பக்கமும் ஜன்னல் வழியாகப் பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். நாலாவது பக்கத்தில் அப்பாவிடமிருந்து குறட்டை. எழுப்பினேன். "அவன் எந்திரிச்சதும் என்னை எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சரி, 'பொன்னியின் செல்வன்'. 1950-லிருந்து 1954 வரை கல்கியில் தொடராக வந்தது, ஐந்து பாகம், தோற்காது. ராத்திரிக்கு இருபது பக்கம். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற ஏரியை, "வீராணம்தானே? காட்டுமன்னார்கோயில்ல இருக்கறது?" என்று கப்பென்று பிடித்துக்கொண்டார். ஆனால் கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் ஒளிந்திருந்து சதியைக் கேட்கிற இடத்தில் ஒரு கேள்வி போட்டார்.

"இவன் ஓலை கொடுக்கப் போற ஆளுதானே? போற எடத்துலல்லாம் ஏன் ஒட்டுக் கேக்குறான்?"

பதினைந்து வயதிலிருந்து மூன்று தடவை படித்தவன் நான். எனக்கு ஒரு தடவை கூடத் தோன்றவில்லை.

மே மாசக் கடைசியில் ஐந்தாம் பாகம் முடிந்தது. மற்றபடி என் நோட்டில் ஐம்பது நம்பர் காலியாக இருந்தது. வாரம் ஒன்று என்ற என் லட்சியத்தை நினைத்தால் சிரிப்பாகவும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், சில ராத்திரிகளில் பக்கத்தைத் தாண்டித் தாண்டி வாசித்திருக்கிறேன். அவர் கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைத்தேன். "நடுவுல எதையோ வுட்டுட்ட போல" என்பார் மெதுவாக.

அடுத்தது என்ன என்று ஒரு லைப்ரரி அலமாரி முன்னால் நின்றபோது ரங்கநாதனை நினைத்துக்கொண்டேன். சீர்காழியில் பிறந்த கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து, 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் என்று எழுதினார். அதில் எனக்குப் பிடித்தவை நடுவில் இருக்கிற இரண்டு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கணும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்கணும். ஏதோ கல்யாணத் தரகர் சொல்வது மாதிரி இருக்கும். அவர் பாடுபட்டதால்தான் 1948-ல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. நம் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது, ரூபாய்க்குப் பத்துப் பைசா. அடுத்த தடவை ரசீதைப் பாருங்கள். காசு கொடுத்தாகிவிட்டது, போய் எடுத்தால் என்ன என்றுதான் நானும் போனேன்.

கணக்கு வாத்தியார் சொன்னபடி ஜோடி சேர்க்கணும் என்றால், வாசகரைப் பற்றித் தெரிந்திருக்கணும். என் அப்பாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அப்பா 1978-ல் பினாங்கு போனவர். 1990-ல்தான் ஒரேயடியாகத் திரும்பினார். இங்கே நிறைய வீடுகளில் இப்படி ஒரு மலேசியாக் கதை உண்டு. எனக்கு அஞ்சாறு வயது வரைக்கும் அப்பா என்றால் நீலக் கலர் ஏரோகிராம். 'சூப்பர்வைசராக இருக்கிறேன், செளகரியம்' என்று எழுதுவாராம். அதற்கு மேல் பினாங்கு பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்கு எடுத்து வந்தது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1994-ல் வந்த நாவல். இமையம் விருத்தாசலம் பக்கத்துக்காரர். 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது வாங்கினவர். பேச்செல்லாம் நம் பக்கத்துப் பேச்சாக இருக்குமே, குறட்டை வராது என்பதுதான் என் எண்ணம்.

ஆரோக்கியம் என்கிற வண்ணாத்தியின் கதை அது. காலனிக்குத் துணி வெளுக்கிறவள். பொழுது சாய்ந்ததும் குண்டானோடு வாசல் வாசலாகப் போய்ச் சோறு கேட்கிறாள். அந்த இடத்தில் அப்பா கையைத் தூக்கினார்.

"நிறுத்து."

நிறுத்தினேன். குறட்டை இல்லை. வெறுமனே மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம தெருவுக்கும் ஒரு அம்மா வந்துச்சு. சாயங்காலம் வாசல்ல நின்னு குரல் குடுக்கும். உங்க ஆயா, மீந்தது இருந்தா போட்டு வுடுன்னு எங்கிட்டதான் குடுத்தனுப்பும். கை பட்டுடக் கூடாதுன்னு எட்டி நின்னு போடுவேன். எனக்கு அப்ப பத்து வயசு. அதுக்கு உங்க ஆயா வயசு இருக்கும். நான் வாடி போடின்னுதான் பேசுவேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது பேரு என்னான்னு யோசிக்கிறேன். தெரியலடா. கேட்டதே இல்ல."

அன்றைக்கு அதோடு சரி. நானும் வற்புறுத்தவில்லை. ரெண்டு நாள் தந்தி மட்டும் வாசித்தேன். மூணாம் நாள் சிந்துபாத் முடிந்ததும் அவராகவே, "அந்த ஆரோக்கியத்த எடு" என்றார். அந்த வாரம் பஸ்ஸில் பச்சைமலையைப் பார்த்துக்கொண்டே போய் வந்தேன். புத்தகம் பையிலேயே இருந்தது.

அது முடிந்தபோது ஆகஸ்ட். இதற்கு அடுத்து எதை எடுப்பது? எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. பட்டியலில் இருப்பதை எடுக்கலாம், விருது வாங்கியதை எடுக்கலாம். ஆனால் ஏரோகிராம் ஞாபகம் விடவில்லை. ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கொண்டுவந்தேன்.

"யாரு எழுதுனது?"

"சிங்கம்புணரிக்காரர். சின்ன வயசில சுமத்ராவுல மெடான் போய் வேலை பார்த்தவர். யுத்தத்துக்கு அப்புறம் வந்து மதுரையில தினத்தந்தியில வேலைப்பா."

"தந்தி ஆபீஸா? அப்பன்னா சரி, படி."

எந்த விமர்சகர் சிபாரிசுக்கும் இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்திருக்காது. இத்தனைக்கும் பாவம், எழுதி முடித்துப் பத்து வருஷம் போலக் காத்திருந்துதான் 1972-ல் அந்த நாவல் புத்தகமானது. இரண்டாம் உலக யுத்தம், மெடான், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், பாண்டியன் என்கிற இளைஞன். வாய்விட்டுப் படிப்பது லேசில்லை. திடீரென்று நினைவு எங்கெங்கோ ஓடும், பழைய பாட்டு குறுக்கே வரும், மலாய் வார்த்தை வரும். நான் திக்கினேன்.

"புரியலன்னா நிக்காத. அலை வந்தா குனிஞ்சிட்டு நிமிர்ற மாதிரி போய்க்கிட்டே இரு" என்றார். மலாய் வார்த்தைகளை அவரே சரி பண்ணினார். வீட்டில் யாருக்கும் தெரியாது, அவருக்கு மலாய் இவ்வளவு வரும் என்று.

தொங்கானில் போகும்போது புயல் அடிக்கிற அத்தியாயம் வந்தது. அன்றைக்கு இருபது பக்கக் கணக்கெல்லாம் இல்லை. பதினோரு மணி ஆகிவிட்டது. என் மனைவி வாசற்படியில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்து மூடியதும் அப்பா பேச ஆரம்பித்தார். சென்னையில் 'எம்.வி. சிதம்பரம்' கப்பல் ஏறியது. கீழ்த்தட்டில் வாந்தியும் வெக்கையும். பினாங்கில் இறங்கினால், கூட்டிப் போக வர வேண்டிய ஆள் வரவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தது.

"சூப்பர்வைசரா?" என்றேன்.

"மூணு வருஷம் தட்டு கழுவுனேன். அப்புறம் புரோட்டா. கடைசி வரைக்கும் புரோட்டாதான்."

"பின்ன ஏம்ப்பா அப்படி எழுதினீங்க?"

"உங்கம்மா ஏரோகிராம நாலு பேருகிட்ட குடுத்து படிக்கச் சொல்லும்டா. தட்டு கழுவறேன்னா எழுதறது?"

அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

என் நோட்டைப் போன மாசக் கடைசியில் எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு நம்பரில் பதினொன்றுக்கு எதிரேதான் டிக். அப்பாவோடு மூன்று, பஸ்ஸில் நானாகப் படித்தது எட்டு. பஸ்ஸில் படித்ததில் இரண்டு புத்தகம் என்ன கதை என்றே இப்போது ஞாபகம் இல்லை. ஆபீஸ் நண்பர் தன் முன்னேற்றப் புத்தகங்களைத் திருப்பிக் கேட்டார். பிரிக்காமல் அப்படியே கொடுத்தேன்.

இந்த வருஷத்துக்கு நோட்டு வாங்கவில்லை. "அந்த ஆரோக்கியம் கதை எழுதுனவரு வேற என்ன எழுதியிருக்காரு?" என்று அப்பா கேட்டிருந்தார். 'செடல்' கிடைத்தது. நேற்று சாயங்காலம் கொண்டுபோய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்து பிரித்தேன். அப்பா கையால் புத்தகத்தைத் தடவிப் பார்த்து, தடிமனை விரலால் அளந்தார். திருப்தி.

"ஆரம்பிக்கட்டுமாப்பா?"

"இரு இரு. மொதல்ல சிந்துபாத் என்ன ஆனான்னு பாரு."