பீரங்கி வழி திறக்கும். நடந்து செல்பவன் யார்?

காலாட்படையின் காலம் மலையேறிவிட்டது என்று சொல்வோர் தொகை பெருகி வருகிறது. நெடுந்தூரப் பீரங்கியும் ஏவுகணையும் ஆளில்லா விமானமும் இருக்கையில், துவக்கேந்திய மனிதன் சேற்றிலே தவழ வேண்டிய தேவை என்ன என்று அவர்கள் வினவுகின்றனர். கேட்பதற்கு இனிய பேச்சு. போருக்கு ஆயத்தமாகும் எந்த அரசுக்கும் உவப்பான பேச்சுங்கூட. இரத்தஞ் சிந்தாத வெற்றி உண்டென்று மக்களை நம்பச் செய்கிறதன்றோ? அது பொய்ப்பேச்சு என்றே நாம் கருதுகிறோம்.

புதிய பேச்சுமன்று. 1916ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி முதல் ஏழு நாட்கள், பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் பிரித்தானியப் பீரங்கிகள் ஏறக்குறைய 15 இலட்சம் குண்டுகளைச் சொரிந்தன. ஜெர்மானியரோ ஆழ்ந்த நிலவறைகளில் உயிரோடிருந்தனர். முட்கம்பி வேலியும் பல இடங்களில் அறுபடவில்லை. ஜூலை முதலாந் திகதி முன்னேறிய பிரித்தானியரில் 19,240 பேர் அன்றே மாண்டனர்.

ஆகவே பீரங்கி வீண் என்பாரும் உளர். அவர்கள் வியட்நாமின் டியன் பியன் பூவை நோக்குவார்களாக. மலை சூழ்ந்த அப்பள்ளத்தாக்கிலே பிரெஞ்சுப்படை அரண் அமைத்திருந்தது. பகைவர் அம்மலைகளுக்குப் பெரும் பீரங்கிகளைக் கொண்டுவர மாட்டார். கொணரினும் நொடியில் அடக்கிவிடலாம் என்று பிரெஞ்சுப் பீரங்கித் தளபதி கேணல் பிரோத் உறுதி கூறியிருந்தார். கியாப்பின் படையினர் அவற்றைக் கயிறு கட்டி மலையேற்றினர். சரிவுகளைக் குடைந்து ஒளித்து வைத்தனர். குண்டும் அரிசியும் சுமந்தோரிற் பெரும்பாலோர் குடியானவர். பல்லாயிரம் துவிச்சக்கர வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தனர். 1954 மார்ச் 13ஆந் திகதி மாலை அப்பீரங்கிகள் முழங்கின. முதல் அரண் அன்றிரவே வீழ்ந்தது. 15ஆந் திகதி பிரோத் கைக்குண்டினால் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். மாத முடிவுக்குள் விமானங்கள் தரையிறங்குவதும் நின்றது.

பீரங்கியே வென்றதெனின், போர் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கிழக்குக் குன்றுகளின்மேல் அலையலையாய் ஏவப்பட்ட கியாப்பின் காலாட்கள் பெருந்தொகையாய் மடிந்தனர். அதன்பின்னரே மண்வெட்டி முன்னுக்கு வந்தது. மண்வெட்டியைப் போர்க்கருவியென எந்தப் படைத்துறைக் கல்லூரியும் பெருமையாகச் சொல்வதில்லை. நாளுக்கு நாள் அகழி வெட்டி, அடியடியாகப் பகைவரின் வேலியை அணுகினர். பீரங்கி எதிரியின் தலையை நிமிரவிடாது அழுத்தியது. அந்த நிழலில் காலாள் மண்ணைத் தோண்டினான். ஏ-1 என்னும் ஒரே குன்றைக் கைப்பற்ற ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. கொழும்பிலே ஐந்து பிரதம மந்திரிகள் கூடி இந்தோசீனப் போர் நிறுத்தம் பற்றி விவாதித்த அந்நாட்களில், அக்குன்றின் கீழே சுரங்கம் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. மே 6ஆந் திகதி இரவு ஒரு தொன்னளவு வெடிமருந்து அங்கே வெடித்தது. மறுநாள் அரண் முழுவதும் வீழ்ந்தது.

தூரத்திலிருந்து அழிக்கலாம், தூரத்திலிருந்து ஓரிடத்தைக் கைக்கொண்டு நிற்க இயலாது. அக்குன்றில் ஏறியவன் யாரோ ஒரு கமக்காரனின் பிள்ளை என்பதைப் படவரைபின் முன் நின்று பேசும் நிபுணர் மறந்துவிடுகின்றனர்.

ஆளில்லா விமானம் இதனை மாற்றிவிட்டதா? பீரங்கிக்குக் கூரிய கண்ணை அது தந்திருப்பது மெய். தானே குண்டாகிப் பாய்வதும் மெய். எனினும் 2022இல் ரஷ்யா முழு அளவில் படையெடுத்த பின், உக்ரேனில் மனிதர் மீண்டும் அகழிக்குள்ளேதான் இறங்கினர். 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஓராண்டிற்குள் 10 இலட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக வாக்களித்தது. கெடு முடிந்தபோது சேர்ந்தவை ஏறக்குறையப் பாதியே. குண்டு குறைந்த அம்மாதங்களில் முன்னணியைத் தாங்கியோர் அகழியிலிருந்த காலாட்கள். 2024 பெப்ரவரியில் அவ்தீவ்கா நகரை அவர்கள் கைவிட நேர்ந்ததற்கு அத்தட்டுப்பாடும் ஒரு காரணம்.