வெடிப்பைத் துடைத்த படம்

பாவித்த மிருதங்கத்தை இணையத்தில் விற்குமுன் படத்தைத் திருத்தினால் என்ன தவறு என்று கேட்கிறார்கள். இருட்டாக விழுந்த படத்துக்கு வெளிச்சம் கூட்டுங்கள்; பின்னால் கொடியில் தொங்கும் சாரத்தை வெட்டி விடுங்கள். பத்திரிகையில் நாங்களும் அவ்வளவு செய்தோம். பலாக்கட்டையில் ஓடும் வெடிப்பை அழிப்பது வேறு. கரணை பொரிந்தால் மீண்டும் இடலாம், வாரை மாற்றலாம். கட்டை வெடித்தால் நாதம் போயிற்று.

செய்தித்துறையில் இதற்குத் தண்டனை உண்டு. 2006 ஆகஸ்டில் பெய்ரூட் படமொன்றில் புகையைப் பெருக்கிக் காட்டிய ஒளிப்படக்காரரின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் நீக்கியது. விற்பனைப் படத்துக்கு அப்படியோர் ஆசிரியபீடம் ஏது? கொழும்பில் எடுத்த படத்தை நம்பி அல்லைப்பிட்டியிலிருந்து பணம் கட்டுபவர், பொதி பண்ணைத் தாம்போதியைக் கடந்து வந்த பிறகே கட்டையைத் தட்டிப் பார்க்கிறார்.

கடற்காற்றில் ஆணி துருவேறிய ஆர்மோனியத்தைத் தீவகத்திலிருந்து விற்பவருக்கும் இதையே சொல்வேன்: துருவையும் படமெடுத்துப் போடுங்கள், விலையைக் குறையுங்கள்.