லூப் லைன் என்றால் என்ன? பாலசோர், கவரைப்பேட்டை விபத்துகளில் அடிபட்ட இந்தப் பெயர் எப்படி வந்தது?

2023 ஜூன் 2, ஒடிசாவின் பாலசோர் அருகே பஹாநாகா பஜார். 2024 அக்டோபர் 11, திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டை. இரண்டு இடத்திலும் மெயின் லைனில் நேராகப் போக வேண்டிய எக்ஸ்பிரஸ், லூப் லைனில் புகுந்து, அங்கே நின்ற சரக்கு ரயில் மீது மோதியது. பாலசோரில் 290 பேருக்கு மேல் பலி. கவரைப்பேட்டையில் உயிரிழப்பு இல்லை.

அது என்ன லூப்?

ஸ்டேஷனுக்கு முன்னாடி மெயின் லைனில் இருந்து பிரிந்து, ஸ்டேஷனைத் தாண்டியதும் மறுபடி அதிலேயே வந்து சேரும் பாதைதான் லூப் லைன். 'கிராசிங்குக்காக நிக்குது' என்று பாசஞ்சர் ரயிலில் சொல்வார்களே, பெரும்பாலும் அந்த ரயில் ஒதுங்கி நிற்பது இங்கேதான்.

ஆங்கிலத்தில் 'லூப்' என்றால் கயிற்றை வளைத்துப் போடும் கண்ணி. பிரிந்த பாதை திரும்பி வந்து சேர்வதால் இந்தப் பெயர். செய்திகளில் 'கிளைப் பாதை' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. பிரிந்த கிளை மறுபடி மரத்தில் வந்து சேராதே!

பெரிய லூப்பும் உண்டு. ஹவுராவில் இருந்து டெல்லி செல்லும் பழைய மெயின் லைன், கங்கைக் கரையை ஒட்டி சாஹிப்கஞ்ச் வழியாகச் சுற்றிப் போனது. 1871-ல் குறுக்கு வழி திறந்த பிறகு, பழைய பாதை 'சாஹிப்கஞ்ச் லூப்' ஆனது. குறுக்கு வழிக்குப் பெயர் 'கார்டு', அதாவது வில்லின் நாண். நம்ம விருத்தாசலம் வழி 'கார்டு லைன்' என்பதிலும் அதே நாண்தான்.

ஆபத்து எங்கே?

லூப்புக்குள் நுழைய பொதுவாக மணிக்கு 30 கி.மீ. வேகம்தான் அனுமதி. மெயின் லைன் வளைவுகளில் வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். பாதை பிரியும் 'பாயின்ட்'டில் அந்த வசதி இல்லை. கவரைப்பேட்டையில் ரயில் சுமார் 75 கி.மீ. வேகத்திலும், பாலசோரில் 128 கி.மீ. வேகத்திலும் நுழைந்தன.

டிரைவர்கள் வேகத்தைக் குறைக்காததற்குக் காரணம் உண்டு. லூப்புக்குப் போகும் ரயிலுக்கு மஞ்சள் சிக்னலும், கூடவே சாய்வாக ஐந்து வெள்ளை விளக்குகளும் எரியும். இரண்டு இடத்திலும் கிடைத்ததோ பச்சை. பாயின்ட் லூப் பக்கம் இருந்தால் மெயின் லைனுக்குப் பச்சை விழவே கூடாது. அதைத் தடுப்பதுதான் 'இன்டர்லாக்கிங்'. பாலசோரில் சிக்னல் சர்க்யூட் வேலையில் நடந்த தவறுகளை ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டிக்காட்டியது. கவரைப்பேட்டையில் நாசவேலை கோணத்திலும் விசாரணை நடந்தது. இரண்டு விபத்துமே இருட்டிய பிறகு நடந்தவை. பச்சையை நம்பி வரும் லோகோ பைலட்டுக்கு, பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அந்த வேகத்தில் கண்ணுக்குத் தெரியாது.